பந்து பார்த்து எடுப்பவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கோல்ஃப் மைதானத்துக்கு வந்திருந்தவர்கள் ஆறு பேர். வெள்ளைக்காரக் கேப்டன், அவருக்கு ஜோடியாக ஆட வந்த இளம் லெப்டினன்ட், ஸ்டேஷன் மாஸ்டர், கம்பவுண்டர், நான், அவர். வராதவர், எங்களை அங்கே ஆட அனுமதித்த பழைய மேஜர். அவரைப் பர்மா பக்கம் யுத்தத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னொன்றும் வரவில்லை. ஆறாவதாகச் சொன்ன அவருடைய பந்து டப்பா. அதை வரவிடாமல் செய்தவர்கள் நாங்கள்தான்.

'அவர்' என்றே எழுதிக்கொண்டு போகிறேன். பூந்தமல்லி வட்டாரத்துக்கு சானிடரி இன்ஸ்பெக்டராக இருந்தவர். நான் அவருக்குக் கீழே குமாஸ்தா. கள்ளிக்குப்பத்தில் எங்கள் குடும்பத்தில் ஏரை விட்டுப் பேனாவைப் பிடித்த முதல் ஆள் நான். அதனால் உத்தியோகத்தில் எதைச் செய்தாலும், தப்பாகப் போய்விடுமோ என்ற பயத்தோடுதான் செய்வேன். அவருக்கு அந்தப் பயம் கிடையாது. வேறு ஒரு தொந்தரவு இருந்தது. அவரால் சும்மா இருக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் ஆடும். கால் ஆடினால் மேசை ஆடும். மேசை ஆடினால் என் மைக்கூடு தளும்பும். கையெழுத்துப் போடும் நேரத்திலும் ஒரு கால் வாசலை நோக்கித்தான் இருக்கும். குமணன்சாவடியில் வீடு. காலையில் அங்கிருந்து சைக்கிளை எடுத்தால் எந்த ஊர்க் கிணற்றடியில், எந்தச் சந்தையில், எந்தக் குட்டைக் கரையில் இருக்கிறார் என்று சாயங்காலம் வரை யாருக்கும் தெரியாது.

இப்படிப்பட்ட மனிதர் எப்படி கோல்ஃப் ஆட வந்தார் என்று கேட்பார்கள். எண்ணெயால் வந்தது. மண்ணூர்பேட்டையைத் தாண்டி, ஏரி வற்றினால் வெளியே தெரியும் புறம்போக்கில், ராணுவக் காம்ப்பில் இருந்த வெள்ளைக்கார ஆபீசர்கள் ஒன்பது குழி வெட்டி ஆடிவந்தார்கள். அங்கே புல் எங்கே முளைக்கிறது? ஒவ்வொரு குழியைச் சுற்றியும் மணலைக் கொட்டி, எண்ணெய் தெளித்து இறுக்கி வைப்பார்கள். பிரவுன் என்று பெயர். கொசுவைக் கொல்லக் குட்டைகளில் ஊற்றுகிற எண்ணெய்தான் அதற்கும். மேஜர் மேலிடத்தில் எழுதிக் கேட்டு வாங்க, இவர் கொண்டுபோய்த் தெளித்துக் கொடுத்தார். தெளித்த நேரம் போக மீதி நேரம் வேடிக்கை பார்த்தார். ஒருநாள் மேஜர் ஒரு பழைய மட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டார். பிறகு ஞாயிறு காலையில், ஆபீசர்கள் சர்ச்சுக்குப் போயிருக்கும் நேரத்தில், ஒன்பது மணி வரை நாங்கள் நாலு பேர் ஆடிக்கொள்ளலாம் என்று வாய்வார்த்தையாக அனுமதியும் ஆயிற்று.

யுத்தம் வந்ததும் ரப்பருக்குப் பஞ்சம். கப்பலில் புதுப்பந்து வருவது நின்றது. இருக்கிற பந்துக்கே பெயிண்ட் அடித்து அடித்து ஆடினோம். ஆபீசர்கள் தேடாமல் விட்டுப்போனதை ஆடு மேய்ப்பவர்கள் முள்ளுக்குள்ளிருந்து எடுத்து அரையணாவுக்குக் கொடுப்பார்கள். ஆனாலும் நாங்கள் நாலு பேரும் பந்து எடுக்கிற விதமே வேறு வேறு. ஸ்டேஷன் மாஸ்டர் பைக்குள் கையை விட்டு, அகப்பட்டதை எடுப்பார். வந்த வண்டியில் ஏற வேண்டியதுதான், எந்தப் பெட்டி என்றா பார்ப்பது என்பார். கம்பவுண்டருக்கு இறுகிய பந்துதான் வேண்டும். கட்டி பழுத்துவிட்டதா என்று பார்ப்பதுபோலக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, அமுங்காததை எடுப்பார். நானோ, தொலைந்தால் அதிகம் வருத்தம் வராத பந்தாகப் பார்த்து எடுப்பேன். மூன்றாவது குழிக்குக் குறுக்கே ஒரு குட்டை உண்டு. அங்கே வந்ததும் நல்ல பந்தைப் பையில் போட்டுவிட்டு வெட்டுப்பட்ட பந்தை வைப்பேன். வெட்டுப்பட்ட பந்து நேராகப் போகாது. நேராகப் போகாததால் குட்டையில் விழும். விழுந்ததும், நல்லவேளை, நல்ல பந்தை வைக்கவில்லை என்று சந்தோஷப்படுவேன். கம்பவுண்டர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவரோ, ஒவ்வொரு குழிக்கும் புதிதாக ஆரம்பிப்பார். பிஸ்கோத்து டப்பா ஒன்று சைக்கிள் காரியரில் வரும். திறந்து, பந்துகளைத் துண்டின் மேல் பரப்புவார். ஒன்றை எடுத்து மதகுக் கல்லின் மேல் தட்டி, எழும்புவதைப் பார்ப்பார். காதோரம் வைத்து ஆட்டுவார். கன்னத்தில் உருட்டுவார். அந்தப் பக்கம் விறகு சுமந்து போகிறவளை நிறுத்தி, "இந்தாம்மா, இது எப்டி கீது பார்" என்று நீட்டுவார். அவள் சிரித்துக்கொண்டே ஒன்றைக் காட்டுவாள். காட்டியதைத் திரும்ப டப்பாவில் போட்டுவிடுவார். கடைசியில் ஒன்று முடிவாகும். கொஞ்சம் ஈரமணலைக் கிள்ளிக் குவித்து, அதன் மேல் பந்தை உட்காரவைத்து, மட்டையை ஓங்குவார். பாதியில் நிறுத்திவிட்டு, "இரு தம்பி, இது வோணாம்" என்பார்.

இவ்வளவும் செய்து அடிக்கிற பந்து நேராகக் கருவேல முள்ளுக்குள் போகும். அவருடைய தேர்வுக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமே கிடையாது. கம்பவுண்டர் ஒருமுறை சோதித்துப் பார்த்தார். ஒரு ஞாயிறு இவர் 'இதான் பந்து' என்று கொண்டாடிய பந்தை நைசாகக் கொண்டுபோய், புதுப் பெயிண்ட் அடித்து, மறு வாரம் டப்பாவில் போட்டு வைத்தார். இவர் எடுத்தார், தட்டினார், காதில் வைத்தார். முகத்தைச் சுளித்து, இது செத்த பந்து என்று தள்ளிவிட்டார். கம்பவுண்டர் உண்மையைச் சொன்ன பிறகும் இவர் அசரவில்லை. போன வாரம் போன வாரம், இந்த வாரம் இந்த வாரம் என்றார்.

பந்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. குமணன்சாவடிச் சந்தையில் கத்திரிக்காய் வாங்க அவரோடு நின்று எனக்குக் கால் கடுத்திருக்கிறது. கூடையைக் கவிழ்த்து ஒவ்வொரு காயாக எடுத்து, காம்பைப் பார்த்து, திருப்பி, வெளிச்சத்தில் காட்டி, மறுபடி வைத்து. ஒருநாள் பொறுக்கமுடியாமல் கடைக்காரக் கிழவி கேட்டாள்: "இன்னா நைனா, கொயம்பு வெக்கப் போறியா, கட்டிகினு குடும்பம் நட்த்தப் போறியா?" சந்தையே சிரித்தது. இவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இன்னொரு காயை எடுத்துப் பார்த்தார்.

ஏன் இப்படி என்று நான் ஒருநாள் கேட்டேவிட்டேன். ஆவடியில் கிணறுகளுக்கு மருந்து போட்டுவிட்டு சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தோம். அவர் வேகமாக மிதித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "வேல மேலேர்ந்து குட்த்தது. ஊரு மாத்தல் ஆர்டர்ல வர்து. போட்டுகினு கீற காக்கி கூட ஆபீஸ்ல குட்த்தது. பந்து ஒண்ணுதான் தம்பி, எத்த எட்த்துக்கறேன்னு என்னக் கேக்குது."

நான் மிதியை அழுத்தினேன். அதற்குள் அவர் எனக்கு முன்னால் வெகுதூரம் போய்விட்டிருந்தார்.

மேஜர் போய், புதிதாக வந்த கேப்டன் மைதானத்தின் செக்ரட்டரி ஆனார். கெட்டவர் இல்லை. கணக்கான மனிதர். சர்ச் முடிந்து ஆபீசர்கள் மட்டையோடு வந்தால் நாங்கள் இன்னும் ஏழாவது குழியில் பந்து பார்த்துக்கொண்டு நிற்போம். ரெண்டு மூன்று வாரம் பொறுத்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டனுப்பினார். இங்கிலீஷ் பேச என்னை முன்னால் தள்ளினார்கள். கேப்டன் சொன்னது இதுதான். நீங்கள் ஆடுவதில் ஆட்சேபணை இல்லை. இவ்வளவு நேரம் ஆடுவதில்தான் ஆட்சேபணை. வருகிற ஞாயிறு உங்களில் இரண்டு பேர் எங்கள் இரண்டு பேரோடு ஆடுங்கள். ஜோடிக்கு ஒரே பந்து, மாறி மாறி அடிப்பது. காலை ஒன்பது அடிப்பதற்குள் ஒன்பது குழியும் முடித்துவிட்டால், ஞாயிறு காலை உங்களுக்கே என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். முடியாவிட்டால் இனிமேல் வரவேண்டாம். ஜெயிப்பது தோற்பது பற்றிக் கவலை இல்லை.

வெளியே வந்ததும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மற்ற மூன்று பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை போனால் வேறொரு ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு வாரமே அந்தக் காலைக்காகத்தான் ஓடிற்று. கம்பவுண்டர்தான் பேச்சை எடுத்தார். "அண்ணாத்தே, கோச்சுக்காத. டப்பாவ ஊட்ல வெச்சிட்டு வா. ஒரே பந்து. சனிக்கியமையே பாத்து எட்த்துக்கோ. தம்பி ஒனக்கு ஜோடியா கீறான்."

அவர் காலால் சைக்கிள் மிதியைச் சுற்றிவிட்டார். பிறகு, "சரி, ஒண்ணு" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பித்தளை அண்டா நிறைய உப்புத் தண்ணீர். அதில் பந்துகள் மிதந்துகொண்டிருந்தன. கனமான பக்கம் கீழே போகுமாம். அப்படிப் போகாமல், எப்படி விட்டாலும் அப்படியே மிதக்கிற பந்துதான் சம பந்து. ஒவ்வொன்றையும் விரலால் சுழற்றிவிட்டு, நிற்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் சம்சாரம், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், எனக்கு மோர் கொண்டுவந்து வைத்தார்.

"குந்து தம்பி. ரெண்டு நாளா கஞ்சி வடிக்க அண்டா இல்ல, உப்பு இல்ல. எல்லாத்தயும் தட்டித் தட்டிப் பாக்கற மனுசன். என்னப் பாக்க வந்தப்ப மட்டும் காப்பி ஆறறதுக்குள்ள சரின்ட்டாரு. அந்த அவசரத்துக்குத்தான் இப்ப ஈடு கட்டிகினு கீறாரு."

அவர் அண்டாவிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது ஒண்ணுதான் பாக்காமலே நல்லா அமைஞ்சிது" என்றார். அக்கா உள்ளே போனார். போகிறபோது உப்பு ஜாடியை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்திவிட்டுப் போனார்.

விளக்கு வைப்பதற்குள் ஒரு பந்து முடிவாயிற்று. மாற்றிவிடுவாரோ என்று அதை நானே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வேறு பந்து யாரும் கொண்டுவரக் கூடாது என்று மற்ற இரண்டு பேரிடமும் சொல்லிவைத்தேன். என் பையில் ஒரு பந்து கிடந்தால்கூட அதை வாங்கிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். இதையெல்லாம் முன்கூட்டி யோசித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஆடிய ஆட்டத்தை எங்கள் நாலு பேரில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. பந்தை வைத்தார், அடித்தார், நடந்தார். நடக்கவில்லை, ஏறக்குறைய ஓடினார். பந்தைப் பார்க்கக்கூட இல்லை. தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லாததால் கைகள் என்ன செய்வது என்று தெரியாமல் மட்டையை மாற்றி மாற்றிப் பிடித்தன. ஆனால் அடி ஒவ்வொன்றும் நேராகப் போயிற்று. ஐந்து குழி முடிந்தபோது ஜெயித்த கணக்கில் நாங்கள் கேப்டன் ஜோடியைவிட ஒரு குழி முன்னால். ஸ்டேஷன் மாஸ்டர் பைக்கடிகாரத்தைத் திறந்து பார்த்து, வண்டி பிபோர் டைம் என்றார். கேப்டனே அவர் தோளைத் தட்டி நல்ல ஆட்டம் என்றார். அவர் தலையை ஆட்டினார். முகத்தில் சந்தோஷம் இல்லை. பசியோடு வேலை செய்கிறவன் முகம்.

ஆறாவது குழியில் இரண்டாவது அடி என்னுடையது. இரும்பு மட்டையால் அடித்தேன். பட்டாசுபோல ஒரு சத்தம். பந்து இரண்டாகப் பிளந்து, உள்ளே சுற்றியிருந்த ரப்பர் நூல் இடியாப்பம்போல அவிழ்ந்து, மணலில் துடித்தது. எத்தனை தடவை பெயிண்ட் அடித்த பந்தோ, எத்தனை நாள் உப்புத் தண்ணீரில் கிடந்ததோ.

கேப்டன் வந்து பார்த்தார். விதி தெளிவாக இருக்கிறது, துண்டு கிடக்கும் இடத்தில் வேறு பந்து வைத்து ஆடலாம், அபராதம் கிடையாது என்றார். எங்கள் ஜோடியில் அடுத்த அடி அவருடையது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் நாலு பேரிடமும் ஒரு பந்துகூட இல்லை. இங்கிலீஷில் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொன்னேன்.

கேப்டன் சிரித்தார். நல்ல சிரிப்புத்தான். தன் மட்டைப் பையின் வாரைத் தளர்த்தி, பக்கத்துப் பையைக் கவிழ்த்தார். பத்துப் பன்னிரண்டு பந்துகள் தரையில் உருண்டன. யுத்தத்துக்கு முன் வந்தவை. சிலவற்றின் மேல் காகிதம்கூடப் பிரிக்கவில்லை. வட்டக் குழி போட்டவை, வலைப்பின்னல் போட்டவை, ஒன்று மஞ்சள் பாரித்த தந்த நிறம். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

கம்பவுண்டர் என் கையைப் பிடித்து அழுத்தினார். அழுத்தி என்ன பிரயோஜனம்.

அவர் மெதுவாக மண்டிபோட்டு உட்கார்ந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து விரித்தார். பந்துகளை ஒவ்வொன்றாக அதன் மேல் எடுத்து வைத்தார். காகிதம் பிரிக்காததைப் பார்த்து, பிரிக்கலாமா என்று கண்ணாலேயே கேட்டார். கேப்டன் தலையசைத்தார். அவர் காகிதத்தைக் கிழிக்காமல், மடிப்பு மடிப்பாகப் பிரித்தார். அவ்வளவு நேரம் அவர் அசையாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. அவருடைய பதைப்பெல்லாம் எங்களுக்கு வந்துவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் கடிகாரத்தைத் திறந்து மூடி, திறந்து மூடி, கடைசியில் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். கம்பவுண்டர் முள்வேலி வரை போவார், வருவார். லெப்டினன்ட் முதலில் சிரித்தான், பிறகு மட்டையால் மண்ணைக் கொத்த ஆரம்பித்தான். கேப்டன் பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அவசரப்படுத்துவது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார். அந்த மரியாதைதான் எங்களைக் கொன்றது.

நான் அவர் பக்கத்தில் குனிந்தேன். "சார், ஏதாவது ஒண்ணு. எல்லாம் நல்ல பந்துதான் சார்."

"அதான் தம்பி கஷ்டம்" என்றார். "நம்ம டப்பால மோசமானத தள்ளினா ஒண்ணு மிஞ்சும். இதுல எத்தத் தள்றது?"

"சிப்பாய் ஒம்பது அடிச்சிடுவான் சார். அப்பறம் இங்க வர முடியாது."

"தெரியும்." என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் பளபளவென்று இருந்தது. "சரி, நீ சொல்லு. எத்த எடுக்கட்டும்?"

ஜோடிக்கு ஒரே பந்து. எனக்கும் அதில் பாதி உரிமை. கைக்கு எட்டிய வட்டக் குழிப் பந்து ஒன்றை எடுத்து நீட்டினேன். வாங்கினார். காதோரம் வைத்து ஆட்டினார். கன்னத்தில் உருட்டினார். ரொம்ப மரியாதையாக அதைத் துண்டின் மேல், இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

காம்ப் வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். மணிக்கு மணி சிப்பாய் சுத்தியலால் அடிப்பான். அன்று அவன் அடித்தது ஏரி முழுக்கக் கேட்டது. நான் எண்ணவில்லை. யாரும் எண்ணவில்லை. அடித்து ஓய்ந்ததும் கேப்டன் பைப்பைத் தட்டிக் கவிழ்த்து, எங்கள் நாலு பேருக்கும் கை கொடுத்தார். வருத்தத்தோடுதான் கொடுத்தார் என்று நினைக்கிறேன். கொடுத்த வார்த்தையை மாற்றுகிற ஜாதி இல்லை அவர். லெப்டினன்ட் துண்டின் மேலிருந்த பந்துகளை வாரிப் பையில் போட்டான். அவர்கள் இரண்டு பேரும் அடுத்த குழிக்கு நடந்தார்கள்.

அப்போதுதான் அவர் கையைத் திறந்தார். மஞ்சள் பாரித்த அந்தப் பந்து உள்ளங்கையில் இருந்தது.

"இதான் தம்பி" என்றார். "இப்ப சந்தேகமே இல்ல."

உடைந்த பந்து கிடந்த இடத்தில் அதை வைத்தார். மட்டையை எடுத்து நின்றார். ஆபீசர்கள் சைக்கிளிலும் ஜீப்பிலும் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அடிக்கலாமா என்று என்னைக் கேட்டார். நேரம் ஆகிவிட்டது சார் என்றேன். சரி என்று பந்தை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சைக்கிளை நோக்கி வேகமாக நடந்தார். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதன் பிறகு ஞாயிறு காலைகளில் என்ன செய்வது என்று தெரியாமல் போயிற்று. ஸ்டேஷன் மாஸ்டர் தூங்கினார். கம்பவுண்டர் பூசை முடிந்து கோவில் வாசலிலேயே நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் வம்பு பேசினார். நான் படிக்கலாம் என்று உட்காருவேன். ஓட்டமில்லாத கால் மேசைக்கடியில் ஆடும். அவர் சைக்கிளில் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போகிற ரோட்டில் போவாராம், நிறுத்தமாட்டாராம். எண்ணெய் தெளிக்க மட்டும் ஆள் அனுப்பினார், தான் போகவில்லை. மூன்று மாதத்தில் அவருக்கு மாற்றல் வந்தது. சாமான் ஏற்றிய வண்டியோடு அவரும் அக்காவும் தெற்கே போனார்கள்.

அதற்கு முன்பே, ஆட்டம் நடந்த வாரத்திலேயே, மைதானத்திலிருந்து ஒரு சிப்பாய் பில் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். திருப்பித் தராத பந்து ஒன்று, விலை. அவர் சட்டைப் பையில் கைவிட்டார். முழுவதும் தானே கட்டுவேன் என்றார். சாயங்காலம் கேள்விப்பட்டு வந்த கம்பவுண்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ ஒர்த்தன் பாத்த, நாங்க மூணு பேரு நின்னு பாத்தோம். எல்லார்க்கும் சேத்துதான் அண்ணாத்தே பந்து."

இரண்டு ரூபாய் எட்டணா. தலைக்குப் பத்தணா கொடுத்தோம்.